வாடகைக் கொடுப்பனவின் காலக்கெடு: யாருடைய நாட்களை யார் எண்ணுவது?

டித்வா புயல் 2025 நவம்பர் 28 ஆம் திகதி நாட்டைத் தாக்கியபோது எல்லோருடைய கண்களும் மலையகத்தின் மீதே இருந்தன. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு விழுங்கிய கிராமங்களின் படங்கள்தான் முதலில் வந்தன. அது நியாயமானதே. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. திருகோணமலைக்குத் தண்ணீர் சற்றுத் தாமதித்து வந்தது. மலையில் பெய்தது மகாவலியில் இறங்கி, பொலன்னறுவையைக் கடந்து, எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர வேண்டும். தலைக்கு மேல் மழை ஓய்ந்த பிறகும் காலடியில் வெள்ளம் ஏறியது. நவம்பர் 30 ஆம் திகதி மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது. மூதூர், வெருகல், சேருவில, கிண்ணியாவின் தாழ்நிலங்கள் எல்லாம் நீரில் மூழ்கின. வீதிகள் துண்டிக்கப்பட்டன.

டிசம்பர் ஆரம்பத்தில் ஜனாதிபதி நிவாரணத் திட்டத்தை அறிவித்தார். வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபா, வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கு 50,000 ரூபா, முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை என்று பட்டியல் நீண்டது. அதற்குள் ஒரு வரி, வீட்டுக்குத் திரும்ப முடியாத குடும்பங்களுக்கு மாதம் 25,000 ரூபா வாடகைக் கொடுப்பனவு. அது சில மாதங்களுக்கு மட்டுமே என்பதும் அப்போதே சொல்லப்பட்டது.

தொகையைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. முன்னைய அனர்த்தங்களில் கொடுக்கப்பட்டவற்றோடு ஒப்பிட்டால் இது தாராளமானது என்றுகூடச் சொல்லலாம். கிண்ணியாவிலோ மூதூரிலோ 25,000 ரூபாவுக்கு ஒரு குடும்பம் தங்கக்கூடிய வீடு என்பது நடக்காத காரியமல்ல. நான் பேச வருவது அந்த "சில மாதங்கள்" பற்றி. அவை எந்த நாளில் தொடங்குகின்றன? எந்த நாளில் முடிகின்றன? இடையில் போகும் நாட்கள் யாருடைய கணக்கில் எழுதப்படுகின்றன? இந்த மூன்று கேள்விகளையும் எமது ஊர்களில் யாரும் சத்தமாகக் கேட்டு நான் கேள்விப்படவில்லை. கொடுக்கிறார்களே, அல்ஹம்துலில்லாஹ், வாங்கிக்கொள்வோம் என்ற மனநிலையில் இருக்கிறோம்.

ஆசிரியர் என்ற வகையில் எனக்கு இந்த விவகாரம் கோப்புகள் ஊடாகவே தெரிய வந்தது. படிவம் நிரப்ப, சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல, முறைப்பாடு எழுத என்று பெற்றோர் பாடசாலைக்கு வருவது எங்களுக்குப் பழக்கமானது. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் எங்களுக்குக் கற்பிக்காத பாடம் இது. வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் ஆசிரியன் ஊரின் எழுதுவினைஞனும்தான். இவ்வாறு வந்த ஒரு தகப்பன் சொன்னதை அவருடைய பேச்சிலேயே தருகிறேன்.

"சேர், வூட்டுக்காரன் ஆறு மாசக் காச முன்னுக்கே கேக்கான். ஒப்பந்தம் எழுதிக் கொண்டாங்க, அதுக்குப் பொறகுதான் காசு எண்டு கந்தோர்ல சொல்றாங்க. அட்வான்ஸ் இல்லாம ஒப்பந்தம் எழுத ஏலா. ஒப்பந்தம் இல்லாம அட்வான்சுக்குக் காசு இல்ல. இதுக்குள்ள ஒரு மாசம் போச்சு. போன மாசத்த எனக்குத் திரும்பத் தருவாங்களா?"

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. போன மாதம் அவருடைய தவறால் போனதல்ல. அந்த மாதத்தில் அவர் மனைவியின் சகோதரி வீட்டில், ஒன்பது பேருக்கு இரண்டு அறை என்ற நிலையில் இருந்தார். நிவாரணத்தின் கணக்கில் அது ஒரு மாதமாகவே ஓடிவிட்டது. அவருக்கு அது கிடைக்காத மாதம்.

எமது பகுதியின் வீட்டு நிலைமையைத் தெரியாதவர்கள், "காசு கொடுத்தால் வாடகைக்கு வீடு எடுக்க வேண்டியதுதானே" என்று கேட்பார்கள். கொழும்பிலோ கண்டியிலோ இருந்து கேட்பதற்கு அது சரியான கேள்வி. கிழக்கில் முஸ்லிம் ஊர்களின் கதை வேறு. இங்கே வீடு என்பது பெண்பிள்ளைக்கு உரியது. மகள் பிறந்த நாளிலிருந்து தகப்பன் கல் சேர்க்கத் தொடங்குகிறான். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பெற்றோர் பின்பக்கத்தில் ஒரு அறையைக் கட்டி ஒதுங்குகிறார்கள், அல்லது அடுத்த மகளுக்காக அடுத்த வளவில் அத்திவாரம் போடுகிறார்கள். இந்தச் சீதன வீட்டு முறை சரியா பிழையா என்பது தனி விவாதம். அதைப்பற்றி எனக்குக் கடுமையான கருத்துகள் உண்டு, இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். இங்கே தேவையான விடயம் ஒன்றுதான். இப்படிப்பட்ட ஊரில் வாடகைக்கென்று கட்டிய வீடுகள் மிகக் குறைவு. இருப்பவையும் வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்கள், வைத்தியசாலை ஊழியர்கள், வங்கிக்காரர்களுக்காக இருப்பவை. வெள்ளம் வந்து பல குடும்பங்கள் ஒரே வாரத்தில் வீடு தேடினால் எங்கே போவது?

திருகோணமலை நகரத்துக்கு வந்தால் வீடுகள் உண்டு. ஆனால் அங்கே போட்டி வேறு மாதிரி. சீனக்குடாப் பக்கம் மா ஆலையிலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் வேலை செய்பவர்கள் அறைகளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் சித்திரை பிறந்தால் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். கடற்கரை ஓரத்தில் கூடுதல் அறை வைத்திருப்பவர் மாத வாடகைக்கு விடுவதை விட நாள் வாடகைக்கு விடவே விரும்புவார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கொவிட்டும் பொருளாதார நெருக்கடியும் அவர்களையும் உலுக்கிவிட்டுப் போனவைதான். ஆனால் மூதூரிலிருந்து நகரத்துக்கு வந்து வாடகைக்கு இருந்தால் பிள்ளையின் பாடசாலை? தகப்பனின் வயல்? குடா வழியாகக் கடந்தாலும் தரை வழியாகச் சுற்றிவந்தாலும் தினமும் போய்வர முடிந்த தூரம் அல்ல அது, கையில் காசில்லாத குடும்பத்துக்கு.

ஆக, எமது பகுதியில் வீடிழந்தவர்கள் பெரும்பாலும் செய்வது, உம்மா வீட்டுக்கோ ராத்தா வீட்டுக்கோ போவதுதான். இதை நிவாரணத் திட்டம் எப்படிப் பார்க்கிறது? வாடகை கொடுக்கவில்லை, ஒப்பந்தம் இல்லை, ஆகவே வாடகைக் கொடுப்பனவு தேவையில்லை என்று ஒரு அதிகாரி வாதிடலாம். அந்த வாதத்தின்படி, ஒரு ஏழை ராத்தா தன் தங்கையின் குடும்பத்துக்குச் சோறு போட்டு, மின்சாரக் கட்டணம் கட்டி, கிணற்றுத் தண்ணீரைப் பகிர்ந்து, அரசாங்கத்துக்கு மாதம் 25,000 ரூபாவை மிச்சப்படுத்திக் கொடுக்கிறாள். இடம் கொடுத்த உறவினர் வீட்டையும் வாடகை வீடாக ஏற்றுக்கொண்டு, ஒப்பந்தத்துக்குப் பதிலாகக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு கொடுப்பனவைக் கொடுப்பதுதான் கிழக்குக்குப் பொருந்தும் வழி. கிராம உத்தியோகத்தருக்குத் தன் பிரிவில் யார் எங்கே இருக்கிறார் என்பது தெரியும். தெரியாவிட்டால் பள்ளிவாசல் முஅத்தினிடம் கேட்டாலும் சொல்வார்.

காலக்கெடு விடயத்தில் உலகில் மிகப் பெரிய அனுபவம் உள்ள நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் வாடகை வவுச்சர் கொடுக்கிறது. 'செக்ஷன் எயிட்' என்று மக்கள் அழைப்பது அதைத்தான். வருடக்கணக்காகக் காத்திருந்து வவுச்சர் கைக்கு வந்த பிறகு, குறைந்தது 60 நாட்கள் தருவார்கள். அந்த நாட்களுக்குள் வீடு பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால், உள்ளூர் வீடமைப்பு அதிகார சபை தவணையை நீடிக்காத பட்சத்தில், வவுச்சர் காலாவதியாகிவிடும். 2019 ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் பார்த்தபோது, வவுச்சர் பெற்ற 100 குடும்பங்களில் சுமார் 61 தான் 180 நாட்களுக்குள் அதைப் பயன்படுத்தி வீட்டுக்குள் போயிருந்தன. மற்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். வீட்டுக்காரர் மறுத்திருப்பார், வாடகை வரம்பை மீறியிருக்கும், முற்பணத்துக்குக் காசு இருந்திருக்காது. உலகின் பணக்கார நாட்டிலேயே உதவியைக் கையில் வைத்துக்கொண்டு வீடு கிடைக்காமல் தவணை தப்பியவர்கள் பத்துக்கு நான்கு பேர் அளவில் இருந்தால், மூதூரில் ஒரு கூலித் தொழிலாளி தவணைக்குள் ஒப்பந்தம் கொண்டுவரவில்லை என்பதற்காக அவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் என்ன நியாயம்?

ஆனால் அதே அமெரிக்க விதிகளுக்குள் ஒரு நல்ல விடயமும் இருக்கிறது. எமது அதிகாரிகள் அதைக் கடன் வாங்கலாம். குடும்பம் ஒரு வீட்டைக் கண்டுபிடித்து அனுமதி கோரி விண்ணப்பத்தைக் கையளித்த நாளிலிருந்து, அலுவலகம் எழுத்தில் பதில் சொல்லும் நாள் வரை, தவணையின் கடிகாரம் நிறுத்தப்பட வேண்டும். அது கட்டாயம். அலுவலகத்தில் கோப்பு தூங்கும் நாட்கள் குடும்பத்தின் நாட்களாகக் கணக்கிடப்படுவதில்லை. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் தாமதமாக வந்தால் நாங்கள் முடிவு நேரத்தையும் தள்ளிவைப்போம் அல்லவா? அதே சாதாரண நியாயம்தான்.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். கொவிட் காலத்தில், 2021 இல், வீடற்றவர்களுக்காக 70,000 அவசர வவுச்சர்களை ஒதுக்கினார்கள். வீடு தேடக் குறைந்தது 120 நாட்கள் கொடுத்தார்கள். வழக்கமான தவணையின் இரட்டிப்பு அது. ஆனால் 2023 செப்டம்பர் 30 க்குப் பிறகு திரும்பி வரும் வவுச்சரை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று விதித்தார்கள். பிறகு ஒதுக்கிய பணம் எதிர்பார்த்ததை விட வேகமாகத் தீர்ந்து, 2026 க்கு மேல் ஓடாது என்று 2025 இல் அறிவித்தார்கள். அனர்த்த நிவாரணத்திலும், அங்கே மத்திய அரசின் வாடகை உதவிக்கான 18 மாதம் அனர்த்தம் பிரகடனப்படுத்தப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்படுகிறது, குடும்பத்தின் கையில் காசு வந்த நாளிலிருந்து அல்ல. இருந்தாலும் 18 மாதம் என்பது ஒரு வீடு கட்டி முடிக்க எடுக்கும் காலத்தை ஓரளவாவது நினைத்துப் போட்ட எண்.

எங்களுக்குப் போட்ட எண் எதை நினைத்துப் போடப்பட்டது? 50 இலட்சம் ரூபா வீட்டுக் கொடுப்பனவு ஒரே நாளில் வருவதில்லை. சேத மதிப்பீடு நடக்க வேண்டும். காணி பாதுகாப்பானதா என்று பார்க்க வேண்டும். உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் காட்ட வேண்டும். பிறகு வேலை முன்னேற முன்னேறக் காசு வரும். 2004 சுனாமிக்குப் பிறகும் இதே முறைதான். முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, கட்டம் கட்டமாக. அத்திவாரம் போட்டுக் காட்டினால்தான் அடுத்த தவணை. வாடகை உதவி எப்போது முடியும் என்பது முதல் நாளே தெரிகிறது. வீடு எப்போது முடியும் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. குடும்பத்துக்குக் காலக்கெடு உண்டு, அலுவலகத்துக்குக் காலக்கெடு இல்லை. எனக்குப் பிரச்சினையாகத் தெரிவது இந்த ஒருபக்கத் தன்மைதான், மாதங்களின் எண்ணிக்கை அல்ல.

காணி என்றதும் துறைமுகத்தைச் சுற்றியுள்ள எமது மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லாமல் போக முடியாது. 1984 இல் வர்த்தமானி மூலம் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய பெரும் நிலப்பரப்பு துறைமுக அதிகார சபைக்கு உரியதாக ஆக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்தவர்கள், பயிர் செய்தவர்கள், காகிதத்தில் அந்நியரானார்கள். 2025 இல் முத்துநகர் விவசாயிகள் சூரிய மின்சக்தித் திட்டங்களுக்காகத் தமது வயல்கள் எடுக்கப்படுவதை எதிர்த்து வீதிக்கு வந்தபோதுதான் நாட்டின் பலருக்கும் இந்த வர்த்தமானியின் ஞாபகம் வந்தது. இப்படிப்பட்ட நிலத்தில் இருந்த வீடு வெள்ளத்தில் போனால், புதிய வீட்டை எந்தக் காணியில் கட்டுவது என்ற கேள்விக்கே பதில் வர நாளாகும். காணி அதிகார சபையுடையதா, வன இலாகாவுடையதா, மகாவலியுடையதா என்று கடிதங்கள் போய்வர வேண்டும். உறுதி உள்ளவர் வீட்டைக் கட்டி முடித்திருப்பார், உறுதி இல்லாதவர் கடிதத்துக்குக் காத்திருப்பார். வாடகை மாதங்கள் மட்டும் இருவருக்கும் ஒரே எண்ணிக்கை. அதிக காலம் தேவைப்படுபவர் யாரோ அவரே முதலில் தெருவுக்கு வருகிறார்.

இதையெல்லாம் எமது சமூகம் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எமது சகோதரர்கள் புத்தளத்தில் "தற்காலிகமாக" இறங்கியவர்கள். அந்தத் தற்காலிகம் ஒரு தலைமுறையைத் தாண்டியது. யுத்தம் முடிந்து மீளக்குடியேறப் பதிவு செய்தபோது, புத்தளத்து உலருணவு நின்றது. வடக்கில் வீடு எழும்பியிருக்கவில்லை. பதிவு செய்த நாள் ஒன்று, கூரை வந்த நாள் வேறொன்று.

2006 ஓகஸ்டை மூதூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே மாவிலாறு, அன்று தண்ணீரைத் திறக்காததற்காக யுத்தம். மூதூரிலிருந்து கால்நடையாக வெளியேறிய ஆயிரக்கணக்கானோர் கந்தளாயில் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் தஞ்சமடைந்தனர். செப்டம்பரில் அவர்கள் திரும்பினார்கள். நிவாரணம் நிறுத்தப்படும் என்ற அழுத்தத்தின் கீழ்தான் அந்தத் திரும்புதல் நடந்தது என்பதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. காலக்கெடு என்பது சில வேளைகளில் உதவியை ஒழுங்குபடுத்தும் கருவியல்ல, மக்களை நகர்த்தும் கருவி. இன்றைய அரசாங்கத்தின் மீது அந்தக் குற்றச்சாட்டை நான் வைக்கவில்லை. ஆனால் கொடுப்பனவு நின்றவுடன் ஈரச்சுவரும் வெடித்த தரையுமாக உள்ள வீட்டுக்குக் குடும்பம் திரும்பினால், அதை "மீளத் திரும்பியோர்" என்ற பட்டியலில் சேர்த்து வெற்றியாகக் காட்டுவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு.

சுனாமியின் பாடம் இன்னொன்று. வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றரும் தெற்கு, மேற்கில் 100 மீற்றரும் கட்டத் தடை என்று வரையறுத்தார்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் நெருக்கமாக வாழ்ந்த கிழக்கு முஸ்லிம்களுக்கு 200 மீற்றர் என்பது பல இடங்களில் ஊரின் பாதி. பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அது தளரும் வரை கட்டவும் முடியாது, வேறு காணியும் இல்லை. ஆறு மாதத்துக்கென்று போட்ட தகரக் கொட்டில்களில் வருடங்கள் கழிந்தன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் கட்டப்பட்ட 500 வீடுகளின் கதை எல்லோருக்கும் தெரியும். கட்டி முடித்த பிறகும், வழக்கும் அரசியலும் சேர்ந்து, அவை வருடக்கணக்கில் காடு பற்றிக் கிடந்தன. அந்த வீடுகளுக்காகக் காத்திருந்தவர்களில் எவருக்கும் அத்தனை வருடங்களும் வாடகை கொடுக்கப்படவில்லை.

அப்போது நடந்த இன்னொரு பிழை இப்போதும் நடக்கக்கூடியது. படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்ற கட்டத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. அழிந்த வீடோ மனைவியின் சீதன வீடு. புதிய வீடு பல இடங்களில் கணவனின் பெயரில் வந்து சேர்ந்தது. கிழக்கில் முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஒரே சொத்து ஒரு படிவத்தின் கட்டத்தால் கை மாறியது. வாடகைக் கொடுப்பனவிலும் உறுதி மனைவியின் பெயரில், விண்ணப்பம் கணவனின் பெயரில், வங்கிக் கணக்கு மகனின் பெயரில் என்று இருந்தால் கோப்பு திரும்பி வரும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இரண்டு வாரம் போகும். ஆகவே சகோதரிகளே, வீடு உங்கள் பெயரில் இருந்தால் விண்ணப்பமும் உங்கள் பெயரிலேயே போகட்டும். கணக்கு இல்லாவிட்டால் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பெண்ணின் நிலைமையையும் அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். நான்கு மாதம் பத்து நாள். அந்தக் காலத்தில் அவள் வீடு வீடாகப் போய் வாடகைக்குக் கேட்கவோ, வரிசையில் நிற்கவோ எமது வழக்கம் இடம் கொடுக்காது. ஒரு முஸ்லிம் அல்லாத உத்தியோகத்தருக்கு இது தெரியாமல் இருந்தால் அது அவர் குற்றமல்ல. அத்தகைய குடும்பத்துக்கு எழுத்தில் தவணை நீடிப்புக் கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டியது பள்ளிவாசல் நிர்வாகம். கேட்டால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. கேட்காமல் கிடைக்காது என்பது உறுதி.

அரசாங்கத்தால் தேதியை நகர்த்த முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நவம்பரில் நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையைப் புயலுக்காக நிறுத்தினார்கள். மீதிப் பாடங்களை ஜனவரியில் நடத்தினார்கள். நாடு முழுவதும் ஒரே பரீட்சை, பல்கலைக்கழக அனுமதி தங்கியிருப்பது, ஒரு நாள் பிசகினாலும் பெற்றோர் கொதிப்பார்கள். அதையே நகர்த்த முடிந்தது, ஏனென்றால் வெள்ளத்தில் நிற்கும் பிள்ளையால் வினாத்தாள் எழுத முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. சேத மதிப்பீடு முடியாத குடும்பத்தால் வீடு கட்ட முடியாது என்பதும் அதேயளவு எளிதாகப் புரிய வேண்டியது. எனது வகுப்பில் இன்னும் உறவினர் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுப்பாடம் செய்யாததற்குக் காரணம் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

நான் கேட்பது மூன்று மாதத்தை ஆறாக்குங்கள், ஆறைப் பன்னிரண்டாக்குங்கள் என்பதல்ல. அப்படிக் கேட்டால் ஒவ்வொரு தவணை முடிவிலும் மாவட்டச் செயலகத்தின் வாசலில் நிற்க வேண்டிவரும், அரசியல்வாதிகளுக்கு அதுதான் பிடிக்கும். வாடகை மாதங்கள் குடும்பத்தின் கணக்கில் முதல் கொடுப்பனவு விழுந்த நாளிலிருந்து தொடங்கட்டும். வீட்டுக் கொடுப்பனவின் கோப்பு அலுவலகத்தில் முடிவின்றி இருக்கும் வரை வாடகை நிற்காமல் இருக்கட்டும். அலுவலகம் வேகமாக வேலை செய்தால் திறைசேரிக்கு மிச்சம், மெதுவாகச் செய்தால் திறைசேரிக்குச் செலவு. இப்போது மெதுவாகச் செய்தால் செலவு முழுவதும் அந்த ராத்தாவின் தலையில்.

காசு எங்கே இருந்து வரும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி, 2022 இல் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போன நாடு இது. ஆனால் இந்தச் செலவுக்குத் தானாகவே ஒரு முடிவு உண்டு. வீடு முடிந்தால் வாடகை முடியும். முகாம்களில் வருடக்கணக்கில் வைத்திருந்த காலத்துச் செலவோடு ஒப்பிட்டால் இது சிறியது. கள்ளக் கணக்குக் காட்டுபவர்களும் இருப்பார்கள், மறுக்கவில்லை. வீடு திருத்தி முடித்த பிறகும் வாடகை வாங்குபவரைப் பிடிக்க மாதம் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்தால் போதும். அதற்காக எல்லோருடைய தவணையையும் சேர்த்து வெட்டத் தேவையில்லை.

முற்பண விடயத்தை அரசாங்கத்துக்காகக் காத்திராமல் நாமே தீர்க்கலாம். மாதாமாதம் வரும் 25,000 ரூபாவைக் காட்டி ஆறு மாத முற்பணம் கேட்கும் வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த முடியாது. ஆனால் பள்ளிவாசலோ ஸகாத் நிதியமோ அந்த முற்பணத்தை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, அல்லது வீட்டுக்காரரிடம் பொறுப்பு நின்று, குடும்பத்தை உள்ளே குடியேற்றலாம். கொடுப்பனவு வர வரத் திருப்பிக் கட்டலாம். டிசம்பரில் எமது இளைஞர்கள் படகிலும் உழவு இயந்திரத்திலும் சமைத்த சாப்பாட்டைக் கொண்டுபோனதை இன மத பேதமின்றி எல்லோரும் பாராட்டினார்கள். சாப்பாட்டுப் பொதி கொடுப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். ஒப்பந்தம், உறுதி, வங்கிக் கணக்கு என்று வரும்போது கூட்டம் கலைந்துவிடுகிறது. இந்த வேலையில் புகைப்படம் எடுக்க எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அலுவலகத்துக்குக் காலக்கெடு போடும் ஒரு சட்டம் ஏற்கெனவே எம்மிடம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். எழுத்தில் தகவல் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தராவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. கேட்க வேண்டியவை எளியவை: எனது சேத மதிப்பீட்டு அறிக்கை எந்தத் திகதியில் பதிவானது? இப்போது எந்த மேசையில் இருக்கிறது? எனது வாடகைக் கொடுப்பனவின் முதல் மாதமாக எந்த மாதம் பதியப்பட்டிருக்கிறது? கடைசி மாதம் எது? தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். கையளித்ததற்கான ஏற்பு வாங்காமல் வர வேண்டாம். தொலைபேசியில் "பார்க்கிறோம்" என்று சொன்னவர் நாளை இடமாற்றத்தில் போய்விடுவார், திகதி முத்திரை இடமாற்றத்தில் போகாது.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு பேர் ஒரு மேசை போட்டு உட்காரட்டும். க.பொ.த. படித்த ஒரு பிள்ளையும் ஓய்வுபெற்ற ஒரு எழுதுவினைஞரும் போதும். வீடிழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாளில் நான்கு திகதிகள்: விண்ணப்பம் கொடுத்த நாள், முதல் காசு வந்த நாள், கடைசிக் காசு வர வேண்டிய நாள், சேத மதிப்பீடு முடிந்த நாள். நான்காவது வெறுமையாக இருந்தால் தகவல் கோரும் விண்ணப்பத்தை அங்கேயே எழுதிவிடலாம். வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் இருக்கும் தமிழ்ச் சகோதரர்களுக்கும் சேருவிலவில் இருக்கும் சிங்களக் குடும்பங்களுக்கும் இதே நான்கு திகதிகள்தான் தேவை; மேசையை அவர்களுக்கும் திறந்து வையுங்கள். ஒக்டோபர் மாரி மழைக்கு முன் இந்தத் தாள்கள் மாவட்டச் செயலாளரின் கையில் இருக்க வேண்டும்.